1:140 என்று வந்த றிப்போட்

மூன்று வருடத்துக்கு முந்திய கதை. இரண்டாவது பிள்ளை வயிற்றில், எனக்கு 36 வயது. மட்டக்களப்பு, கல்லடியில் வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ் கார்டில் திகதியை எண்ணிப் பார்த்துவிட்டு, "என்.ரி ஸ்கேன் எடுக்கிறதெண்டா 14 கிழமை ஆகிறதுக்குள்ள எடுங்க, பிறகு அளக்க ஏலாது" என்றார். பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் போன்ற பிறவி மரபணுக் கோளாறு இருக்கக்கூடுமா என்று கணிக்க எடுக்கும் ஸ்கேன் அது. அப்போது 12 முடிந்திருந்தது.

மாமிக்குப் பிடிக்கவில்லை. "தெரிஞ்சு என்ன செய்யப் போறாய் புள்ள?" நியாயமான கேள்விதான். இலங்கையில் தாயின் உயிரைக் காப்பாற்ற என்றால் தவிர கருவைக் கலைக்கச் சட்டம் இடம் தராது. ஆனால் பிள்ளைக்கு இதயத்தில் ஏதும் கோளாறு என்றால் பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றாவது முன்கூட்டியே யோசிக்கலாமே.

ஸ்கேனில் பிள்ளை கவிழ்ந்தே கிடந்தது. பத்து நிமிடம் நடந்துவிட்டு வரச் சொன்னார்கள். நடந்தேன், திரும்பினாள். கழுத்துக்குப் பின்னால் தோலுக்கடியில் கறுப்புக் கோடு போல நீர், அதைத்தான் அளக்கிறார்கள். 2.6 மில்லிமீற்றர். கூடவே இரத்தமும் எடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கவுண்டரில் ஓர் உறை தந்தார்கள். 'டவுன் சின்ட்ரோம்: உயர் அபாயம், 1:140.' சிவப்பு எழுத்தில். டொக்டர் திங்கள்தான் வருவாராம். எந்த இடம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் சிவப்பு மை வாங்க முடிந்தவர்கள் இரண்டு வசனம் விளக்க ஓர் ஆளையும் வைத்திருக்கலாம். கல்லடிப் பாலத்தில் இவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டார். இருவரும் பேசவில்லை.

அன்றிரவு மச்சாள் வந்தாள். கணக்கு ரீச்சர். தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "காலைக் கூட்டத்தில 140 பிள்ளைகள் நிக்கிறாங்க எண்டு நினையுங்க. அதுல ஒராளுக்கு இருக்கலாம். மற்ற 139 பேருக்கும் இல்லை." அவ்வளவுதான். பல இடங்களில் 250-இல் ஒன்று என்பதே எல்லை. அபாயம் அதைவிடக் கூடினால் 'உயர்' என்று அடித்துவிடுகிறார்கள்.

திங்கள் டொக்டர் இரண்டு வழி சொன்னார். 15 கிழமைக்குப் பிறகு கர்ப்பப்பை நீரை ஊசியால் எடுத்துப் பார்த்தால் முடிவாகத் தெரியும், ஆனால் கரு கலையும் சிறிய அபாயம் உண்டு. அல்லது தாயின் இரத்தத்தில் கலந்திருக்கும் பிள்ளையின் மரபணுத் துண்டுகளைப் பார்க்கும் நிப்ட் சோதனை. அதுவும் கணிப்புத்தான், ஆனால் முதலில் எடுத்த ஸ்கேன், இரத்தக் கணிப்பைவிட எவ்வளவோ நம்பலாம். விலையைக் கேட்டதும் ஒரு காப்பை ஈடு வைத்தோம். முடிவு வரும்வரை மாமி ஒரு கேள்வி கேட்கவில்லை, மூன்று நேரமும் மீன் சொதிதான் வைத்தார்.

குறைந்த அபாயம் என்று வந்தது. 20 கிழமை ஸ்கேனிலும் இதயம், முள்ளந்தண்டு எல்லாம் சரி.

எடுக்கப் போகிறவர்கள் நாள் குறிக்கும்போதே றிப்போட்டை யார் விளக்குவார் என்று கேட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் வாங்காதீர்கள்.

காப்பை மீட்டபோது அவள் தவழத் தொடங்கியிருந்தாள்.