புதுப்பிப்பு: பதிப்பகத்துக்குப் பணம் கொடுக்காமலே புத்தகம் வந்துவிட்டது

முதல் சிறுகதைத் தொகுப்பைப் போட ஒரு பதிப்பகம் 300 பிரதிக்கு 45,000 ரூபாய் கேட்கிறது, கொடுக்கலாமா என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

கொடுக்கவில்லை. ‘ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) நீங்களே வாங்கிக்கொண்டு, 50 பிரதி மட்டும் டிஜிட்டலில் அச்சடியுங்கள்’ என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. இந்தியாவில் அந்த எண்ணுக்குக் கட்டணமே கிடையாது. அதை வழங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் தளத்தில் எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். பதிப்பகத்தார் இதற்கு மட்டும் 3,000 போட்டிருந்தார்கள்!

எதிர்பாராத தலைவலி பக்க வடிவமைப்பில் வந்தது. யூனிகோடில் அடித்த கோப்பை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் போட்டதும் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. எழுத்துருவைத் திட்டியே இரண்டு நாள் போனது. அந்த மென்பொருளின் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுத்ததும் சரியாகிவிட்டது.

அப்புறம், மெய்ப்புத் திருத்தியதில் 112 பக்கம் 128 ஆனது. புத்தகத்தின் முதுகு அகலம் மாறியதால் அட்டையை மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. பக்க எண்ணிக்கை முடிவாகும்வரை அட்டையைத் தொடாதீர்கள்.

இதுவரை 31 பிரதி போயிருக்கிறது. பாதி சொந்தக்காரர்கள்தான்.