புதுப்பிப்பு: கருப்பியின் கால் வீக்கம், ஒன்பதாம் நாள்

கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்து முள்கம்பி கிழித்து எங்கள் நாய் கருப்பியின் முன்னங்காலில் ஏற்பட்ட காயம், மூன்றாம் நாள் எலுமிச்சை அளவுக்கு வீங்கியதைச் சென்ற வாரம் எழுதி, வீட்டிலேயே என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். இப்போது வீக்கம் வற்றிவிட்டது.

காயத்தின் வாய் மேலே மூடிக்கொண்டதால் உள்ளே சீழ் கட்டியிருக்கிறது என்று கூறிய கால்நடை மருத்துவர், அதைக் கீறி வெளியேற்றி மாத்திரை கொடுத்தார். மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசச் சொன்னவர்களின் அன்புக்கு நன்றி. ஆனால் சீழ் வடிய வேண்டிய வாயை அந்தப் பற்று அடைத்துவிடும் என்பதால் தவிர்த்தேன்.

மருத்துவர் சொன்னபடி, கொதித்து ஆறிய அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அதில் நனைத்த துணியை என் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்த பிறகே, நாளுக்கு மூன்று முறை பத்து நிமிடம் ஒத்தடம் கொடுத்தேன். முதல் நாள் துணியில் வெளிர்சிவப்பு நீர் இறங்கியது. ஐந்தாம் நாள் துணி வெளுப்பாகவே இருந்தது. இந்தக் குளிரில் ஈரம் எளிதில் காயாது என்பதால், விரலிடுக்கு வரை ஒற்றித் துடைத்தேன். நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டினோம்.

நாம் விழுங்கும் பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவற்றைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அவை நாய்க்கு நஞ்சாகக்கூடும். உடல் வெப்பம் 103 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, வீக்கம் பரவினாலோ, துர்நாற்றம் வீசினாலோ ஒத்தடத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நான் இரண்டு நாள் காத்திருந்தது தவறு. அந்த இரவுகளில் அவள் காலை ஊன்றவே இல்லை. இன்று காலை நான்கு கால்களாலும் வாசற்படி இறங்கினாள்.