'ஊடுருவல்' வேண்டாம், 'உவரேற்றம்' என்போம்

அன்புள்ள ஐயாவுக்கும் கலைச்சொல் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

'கடல்நீர் ஊடுருவல்' நாளிதழ்களில் பழகிவிட்டது, கடலோர நிலத்தடி நீரில் உப்புநீர் கலப்பதைக் குறிக்கும் சால்ட்வாட்டர் இன்ட்ரூஷனுக்கு அதையே வைத்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தீர்கள். பழகிய சொல்லை மாற்ற எனக்கும் எளிதில் மனம் வராது. ஆனால் இந்தச் சொல் பழி முழுவதையும் கடலின் தலையில் போடுகிறது. எல்லை தாண்டி வந்த பகைவன் போலக் கடல் உள்ளே நுழைந்துவிட்டதாகத்தான் படிக்கிற பிள்ளை எடுத்துக்கொள்ளும். நிலத்தடியில் நடப்பது வேறு.

சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து சேர்த்த மணலடுக்கில் நல்ல தண்ணீர் நிறைந்து கிடந்த பகுதி அது. சென்னைக்கும் ஆலைகளுக்கும் அங்கிருந்து இறைத்தார்கள், வயலுக்கும் இறைத்தார்கள். 1960களின் இறுதியிலேயே கடலை ஒட்டிய கிணறுகளில் உப்பு தெரியத் தொடங்கியது. நன்னீர் விட்டுப்போன இடத்தில்தான் உவர்நீர் வந்து நின்றது. கடல்நீர் சற்றுக் கனமானது. அதனால் கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் வரை அது உவர்நீரை அழுத்தி வைத்திருக்கும். மேலே அந்த 1 மீட்டரை இறைத்துவிட்டால், நாளடைவில் கீழிருந்து 40 மீட்டரும் உவர் ஏறிவிடும். இறைக்கிற கிணற்றுக்கு நேர் கீழே அது கூம்பு போல எழும்பியும் வரும். 'ஊடுருவல்' என்ற சொல்லில் இந்த ஏறுதல் எங்கே இருக்கிறது?

அந்தப் பக்கம் ஒரு வீட்டில் கை கழுவினேன். சோப்பு நுரைக்கவில்லை, வழுவழுப்பும் போகவில்லை. வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்தது. குடிக்க மட்டும் கேன் தண்ணீர். "கிணற்றில் உப்பு ஏறிவிட்டது" என்றார் அந்த வீட்டு அம்மா. நாம் தேடும் வினை அவர் வாயிலேயே இருந்தது. நூறு லிட்டரில் 2 லிட்டர் கடல்நீர் கலந்தாலே, உப்பில் இருக்கும் குளோரைடின் அளவு, குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணயம் ஏற்கும் லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டிவிடும்.

ஆகவே 'உவரேற்றம்' என்று முன்மொழிகிறேன். உவர்மண், உவர்நிலம் எல்லாம் இன்றும் வழக்கில் இருப்பவை. கடலுக்கே உவரி என்று பெயர் உண்டு. 'ஏற்றம்' என்றால் தண்ணீர் இறைக்கும் ஏற்றம் நினைவுக்கு வருமே என்று ஒரு நண்பர் கேட்டார். வரட்டும், இறைத்ததால்தானே வந்தது! விலையேற்றத்தில் விலை தானாகவும் ஏறுகிறது, ஒருவர் ஏற்றவும் செய்கிறார். உவரேற்றத்திலும் அந்த இரண்டு பொருளும் இருக்கட்டும்.

பருவநிலை மாற்றத்தைப் பற்றிய பாடத்துக்கும் இது பொருந்துகிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. நிலத்தடி நீர்மட்டமும் கூடவே உயராத இடங்களில், உவரை அழுத்தி நிறுத்தும் நன்னீரின் உயரம் அந்த அளவுக்குக் குறைகிறது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. அந்த வெள்ளம் மண்ணில் இறங்க நேரமின்றிக் கடலுக்கு ஓடிவிடுகிறது. 2015 டிசம்பரில் மூழ்கிய சென்னையில் 2019 கோடையில் ஏரிகள் வறண்டன. ஏரி வறண்டால் மோட்டார் ஓடும், உவர் இன்னும் ஏறும்.

யாழ்ப்பாண நண்பருக்கு ஒரு கேள்வி. உங்கள் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் மழைநீர் ஒரு லென்ஸ் வில்லை போலக் கடல்நீர்மேல் மிதக்கிறது. இந்தச் சிக்கலை எங்களைவிட நீங்கள் நெடுங்காலமாக அறிவீர்கள். நீங்கள் 'சவர்த் தண்ணீர்' என்பீர்களே, 'சவரேற்றம்' என்றால் அங்கே காதுக்கு இயல்பாக இருக்குமா? இருந்தால் இணைச்சொல்லாகச் சேர்த்துவிடலாம்.

மண்ணில் உப்புப் பூப்பதை உவரேற்றத்தோடு குழப்ப வேண்டாம், அது 'உவராதல்'.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு: உவரேற்றம் – நன்னீர் குறைவதாலோ கடல்மட்டம் உயர்வதாலோ கடலோர நிலத்தடி அடுக்கில் உவர்நீர் உள்நோக்கியும் மேல்நோக்கியும் நகர்தல். திருத்தம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.