எனோடென் ரயில் தெருக்களை அனிமேஷன் படச் சாயலில் எடுப்பது எப்படி?

நண்பர்களே, ஆகஸ்டில் ஜப்பான் போகிறேன். காமகுராவையும் ஃபுஜிசாவாவையும் இணைக்கும் எனோடென் ரயில் பாதையில் படமெடுப்பது என் நெடுநாள் ஆசை. மொத்தமே 10 கிலோமீட்டர்தான். 1902-இல் இதன் முதல் பகுதி திறக்கப்பட்டது. கொஷிகோயே அருகே கார்களுக்கு நடுவே சாலையிலேயே ஓடும் ரயில், சற்று நேரத்தில் கடலோரம் வந்துவிடும்.

அந்தத் தெருக்களைக் கையால் வரைந்த காட்சி போல எடுக்க வேண்டும்: திரண்ட வெண்மேகம், தெளிந்த நீலம், நிழலிலும் கருமை தட்டாத பச்சை. பின்னணியை மங்கலாக்கினால் இந்தச் சாயலே கெட்டுவிடும் என்பது என் எண்ணம். வரைந்த காட்சியில் மின்கம்பியும் தூரத்துக் கூரையும் ஒரே தெளிவோடு இருக்குமே! அதனால் லென்ஸின் துளையைச் சிறிதாக்கி எஃப் 8 வைக்கப் போகிறேன்.

சிக்கல் உச்சிவெயில். நிழலுக்கு ஏற்ப ஒளியளவை வைத்தால் மேகம் வெளிறிப்போகிறது. மேகத்துக்கு அளந்து, ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாமல் பதியும் கோப்பு) நிழலைப் பின்னர் வெளிச்சமாக்கினால் இயல்பாக இருக்குமா? ஒளியை மென்மையாகப் பரப்பும் மிஸ்ட் ஃபில்டரில் 1/8 வலிமை போதுமா, இன்னும் கூடுதலான 1/4 வேண்டுமா? பச்சையை நீலத்தின் பக்கம் நகர்த்துவதா, மஞ்சளின் பக்கமா? செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வேண்டாம். இதே பாதையில் காமகுரா கோகோ-மே நிலையத்தருகே உள்ள ரயில்வே கேட்டில் எப்போதும் கூட்டம். அமைதியான வேறு இடம் தெரிந்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.