தாத்தாவின் பழைய புத்தகங்களைச் சென்னை அடுக்ககத்தில் எப்படிக் காப்பது?

மகாமகக்குளத்துப் பேத்தி:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் இருந்த எங்கள் தாத்தாவின் வீட்டை விற்றபோது, அவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த ஏறத்தாழ 400 புத்தகங்களை நான் கேட்டு வாங்கி, வேளச்சேரியில் உள்ள எங்கள் அடுக்கக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெரும்பாலானவை 1930 முதல் 1970 வரை அச்சானவை. இலக்கிய உரைகள், தலபுராணங்கள், மலிவுப் பதிப்பு நாவல்கள் ஆகியவற்றோடு, 'கல்கி', 'ஆனந்த விகடன்' இதழ்களிலிருந்து பாட்டி தொடர்கதைகளைப் பிரித்தெடுத்து, பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்து வாங்கிய தடித்த தொகுப்புகளும் இருக்கின்றன. வீட்டில் அனைவரும் கையாண்டவை அவையே என்பதால் மிகவும் நைந்திருப்பவையும் அவையே.

சில புத்தகங்களைத் திறந்தால் வெள்ளி நிறப் பூச்சி நழுவி ஓடுகிறது. கீழ்த்தட்டில் இருந்தவற்றில் பூஞ்சை வாடை அடிக்கிறது. பல நூல்களின் தாள் பழுத்து, புரட்டும்போதே ஓரம் உதிர்கிறது. என் கணவர் நாஃப்தலின் உருண்டைகளைப் போடச் சொல்கிறார். அம்மா வசம்புதான் சரி என்கிறார். பக்கத்து வீட்டு மாமி மொட்டைமாடியில் வெயிலில் உலர்த்தச் சொல்கிறார். ஜெராக்ஸ் கடைக்காரர் முக்கியமான பக்கங்களை லேமினேட் செய்துவிடலாம் என்கிறார். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. இந்த ஆண்டு வார இறுதிகளில் இந்த ஒரு வேலையைப் பொறுமையாகச் செய்து முடித்து, முறையான பட்டியலும் தயாரிக்க எண்ணுகிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற நூலகர்:

வணக்கம் அம்மா. பொது நூலகப் பணியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மருந்தைத் தேடுவதற்கு முன்னால், சேதம் செய்தது எது என்று பாருங்கள். தாளின் மேற்பரப்பும் அட்டையும் சுரண்டப்பட்டு, ஓரங்கள் ஒழுங்கின்றி அரிக்கப்பட்டிருந்தால் அது நீங்கள் கண்ட அந்த வெள்ளி நிறப் பூச்சிதான். இராமபாணப் பூச்சி என்பார்கள். காகிதத்தில் உள்ள பசையையும் மாவுப் பொருளையும் நாடி அது வருகிறது. பல தாள்களை ஊடுருவி வட்டமான சிறு துளைகள் சென்று, புத்தகத்தைத் தட்டினால் மென்மையான பொடி உதிர்ந்தால் அது வண்டின் புழு. மண் பூச்சு தெரிந்தால் கறையான். அப்போது புத்தகத்துக்கு வைத்தியம் பார்ப்பதைவிடச் சுவரையும் தரையையும் மர அலமாரியையும் உடனே கவனிக்க வேண்டும்.

இராமபாணப் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அடிப்படைக் காரணம் ஈரக்காற்றுதான். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சை வளரத் தொடங்கிவிடும். சென்னையிலோ ஆண்டின் பல மாதங்களில் அது அந்த அளவைத் தாண்டியே இருக்கிறது. எனவே ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கி அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். அதிக விலை இல்லை. மழைநீர் படும் வெளிச்சுவரையோ குளியலறைச் சுவரையோ ஒட்டி அலமாரி இருக்கக் கூடாது. பின்புறம் இரண்டு விரற்கடையாவது இடைவெளி வேண்டும். கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். புத்தகங்களை இறுக்கித் திணிக்காதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று ஒவ்வொன்றையும் பாலித்தீன் உறையில் போட்டு நிரந்தரமாக ஒட்டிவைப்பவர்கள், ஈரத்தையும் சேர்த்தே உள்ளே அடைத்துவிடுகிறார்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இறுக்கமாக மூடும் பெட்டியில் மட்டுமே பயன்படும். திறந்த அலமாரியில் அவை அறையின் ஈரத்தை உறிஞ்சிச் சீக்கிரமே செயலிழந்துவிடும்.

வெயில் வேண்டவே வேண்டாம். பழைய தாளை நேரடி வெயில் மேலும் பழுக்கவைத்து முறியச் செய்துவிடும். நிழலில், மின்விசிறிக் காற்றில், பக்கங்களை விசிறிபோல விரித்து நிற்கவைத்து உலர்த்துங்கள். பூஞ்சை பிடித்தவற்றைக் குழந்தை இருக்கும் அறைக்குள் கொண்டுவராதீர்கள். அவை நன்றாக உலர்ந்த பிறகு, பால்கனியில் வைத்து, என்-95 முகக்கவசம் அணிந்து, மென்மையான தூரிகையால் உங்களுக்கு எதிர்ப்புறமாகத் துடைத்தெடுங்கள். ஈரத்துணியைத் தொடவே கூடாது. சரசுவதி பூசைக்கு எல்லாப் புத்தகங்களையும் இறக்கித் தூசு தட்டி அடுக்கும் வழக்கம், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன்னால் வருகிறது. அதை ஒரு முறையாகவும், மழை முற்றிலும் ஓய்ந்த பிறகு தை, மாசி மாதங்களில் மறுபடியும் ஒரு முறையாகவும் செய்துவந்தால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

பூச்சி உள்ள புத்தகங்களுக்கு இரசாயனம் தேவையில்லை, உறைபெட்டியே போதும். புத்தகத்தைப் பாலித்தீன் பையில் இட்டு, காற்றை வெளியேற்றி, நாடாவால் இறுக மூடி, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் இரண்டு வாரம் வையுங்கள். அது மைனஸ் 18 பாகை அளவுக்குக் குளிரக்கூடியதாக இருக்க வேண்டும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு முழு நாள் அறை வெப்பத்தில் விட்டுவிடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த தாளின்மேல் நீர் கோத்துக்கொள்ளும். பூச்சியும் முட்டையும் இதில் இறந்துவிடும். ஆனால் அலமாரியைத் தூய்மை செய்யாமல் அதே இடத்தில் திரும்ப அடுக்கினால் பயனில்லை.

நாஃப்தலின் உருண்டையைத் தவிர்த்துவிடுங்கள். தவழும் குழந்தை அதை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து ஒருபுறம். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும் என்பது மறுபுறம்.

தையல்கட்டு:

நூலகர் ஐயா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். நான் பொழுதுபோக்காகப் புத்தகம் கட்டுபவன். செப்பனிடுதல் பற்றி மட்டும் சொல்கிறேன்.

லேமினேஷன் செய்த தாளை மீட்கவே முடியாது. சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளின் இழைகளுக்குள் இறங்கிவிடும். உள்ளே இருக்கும் அமிலம் தன் வேலையைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். செல்லோடேப்பும் அப்படியே. சில ஆண்டுகளில் நாடா உரிந்து விழுந்துவிடும். பழுப்புக் கறை மட்டும் எழுத்தின்மேல் நிலைத்துவிடும். ஏற்கெனவே ஒட்டியிருக்கும் நாடாவையும் இழுத்து உரிக்காதீர்கள். தாள் சேர்ந்தே வரும்.

ஓரம் உதிர்வதற்குக் காரணம் பூச்சியன்று. மரக்கூழிலிருந்து செய்த மலிவுக் காகிதத்தில் லிக்னின் என்னும் மரப்பொருளும், மை பரவாமல் இருக்கச் சேர்த்த படிகாரமும் காலப்போக்கில் அமிலத்தன்மையை உண்டாக்குகின்றன. அதனால்தான் உங்கள் தாத்தா நல்ல தாளில் வாங்கிய உரைநூல் இன்னும் திடமாக இருக்க, அதற்கு முப்பது ஆண்டுகள் பிந்திய மலிவுப் பதிப்பு நாவல் உதிர்கிறது. வீட்டில் இதை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவர இயலாது. வேகத்தைக் குறைக்கலாம்: வெளிச்சம் படாமல், அமிலம் நீக்கிய அட்டைப்பெட்டியில் படுக்கவைத்து, குறைவாகக் கையாளுங்கள்.

கிழிந்த தாளுக்கு மெல்லிய ஜப்பானியத் தாள் துண்டும், கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும். ஸ்டார்ச் கிடைக்காவிட்டால் மைதாப் பசையைத் தண்ணீராகக் காய்ச்சி, அன்றன்றைக்கே பயன்படுத்தலாம். பைண்டிங் கடைகளில் பூச்சி வராமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள்; வீட்டில் அதைச் செய்யாதீர்கள். அது நஞ்சு என்பதோடு, செம்பு உப்பு காகிதத்தின் சிதைவையும் விரைவுபடுத்தும். பாட்டி தைத்த தொகுப்புகளை எந்தக் கடையிலும் கொடுத்து மறுகட்டு போடச் சொல்லாதீர்கள். ஓரத்தைச் சமமாக்குகிறேன் என்று கில்லட்டினில் வைத்து அரை அங்குலம் வெட்டிவிடுவார்கள்; முதல் பைண்டிங்கிலேயே விளிம்பு போன பக்கங்களில் இப்போது வரிகளே போய்விடும். மணியம், கோபுலு போன்றவர்களின் ஓவியங்கள் இதழில் அச்சான அளவிலேயே இருப்பதுதான் அந்தத் தொகுப்புகளின் சிறப்பு.

சிறு வெளியீடுகளில் கம்பித் தையல் துருப்பிடித்திருந்தால், கம்பியின் கால்களை மெல்ல நிமிர்த்தி வெளியே எடுத்துவிட்டு, மடிப்பில் மூன்று துளைகள் வழியாகப் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். தொடங்குபவர்களுக்கு ஏற்ற வேலை அதுதான். தாத்தா காலத்து நூல்களில் கைபழகிப் பார்க்காதீர்கள், எடைக்கு வாங்கிய பழைய நோட்டில் பழகுங்கள்.

திருவையாற்றுக்காரர்:

அம்மா சொன்ன வசம்பை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம். தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, இலவங்கம், பட்டை ஆகியவற்றைப் பொடித்து, கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து சுவடிகளுக்கிடையில் வைக்கும் முறை நெடுங்காலமாக இருந்துவருகிறது.

ஓய்வுபெற்ற நூலகர்:

அதை நான் மறுக்கவில்லை. பூச்சியை அண்டவிடாமல் விரட்டுவதற்கு வசம்பு முடிச்சு நல்லதுதான். வாடை குறைந்ததும் மாற்ற வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். ஏற்கெனவே உள்ளே புகுந்து முட்டையிட்டுவிட்ட பூச்சியை அது அழிக்கும் என்று நம்பி உறைபெட்டியைத் தவிர்க்கக் கூடாது என்பதே என் கருத்து. பொடியைத் தாள்களுக்கிடையில் நேரடியாகத் தூவவும் கூடாது, கறை படியும். குழந்தையின் கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள்.

அட்டவணைப் பிரியை:

பட்டியல் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையோ, டூயி தசமப் பகுப்போ 400 புத்தகங்களுக்குத் தேவையில்லை. கணினியில் ஒரு விரிதாள் போதும். ஆசிரியர், நூற்பெயர், பதிப்பாளர் அல்லது அச்சகம், ஊர், ஆண்டு, எத்தனையாவது பதிப்பு, விலை, இப்போதைய நிலை, அலமாரித் தட்டு என்று பத்திகளை அமைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் கையொப்பம், ஓரக்குறிப்பு, கடை முத்திரை, உள்ளே கிடைக்கும் திருமண அழைப்பிதழ் ஆகியவற்றுக்குத் தனிப்பத்தி ஒன்று கட்டாயம் வேண்டும். என் பட்டியலில் நான் அடிக்கடி திறந்து பார்ப்பது அதைத்தான். பெயரின் முன்னெழுத்தைப் பெயருக்குப் பின்னால் எழுதினால்தான் அகரவரிசை சரியாக அமையும்.

பழைய நூல்களின் முகப்பில் ஆங்கில ஆண்டு இல்லாமல் 'பிரபவ', 'விபவ' என்று தமிழ் ஆண்டு மட்டும் இருக்கலாம். அவை 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருபவை. பிரபவ என்றால் 1867-68 அல்லது 1927-28. அச்சகத்தின் பெயர், எழுத்துருவின் அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு எது என்று தீர்மானிக்கலாம். ஆண்டே இல்லாத நூலில் விலை அணாவில் குறிக்கப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முன் அச்சானது எனலாம்.

பட்டியல் முடிந்ததும், அதைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஏற்கெனவே உள்ள நூலை நீங்கள் மின்வருட வேண்டிய அவசியமில்லை. உதிரும் படியைத் தொடாமல் திரையிலேயே படித்துக்கொள்ளலாம். எங்கும் இல்லாத தலபுராணமோ சிறு வெளியீடோ இருந்தால், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைத் தொடர்பு கொள்ளுங்கள். 1994-இல் உருவான அந்த நூலகமே, கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வீட்டில் சேர்த்து வைத்திருந்தவற்றிலிருந்து தொடங்கியதுதான். நீங்களே இணையத்தில் ஏற்றுவதானால் பதிப்புரிமையைக் கவனியுங்கள்: ஆசிரியர் மறைந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் அது நீடிக்கும். நாட்டுடைமையாக்கப்பட்டவர்களின் நூல்களுக்கு இந்தத் தடையில்லை.

மகாமகக்குளத்துப் பேத்தி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வெயிலும் லேமினேஷனும் இல்லை என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். அம்மாவின் வசம்புக்கு மேல்தட்டில் இடம் கிடைத்தது. முதலில் பூஞ்சை வாடை உள்ளவற்றைப் பிரித்து உலர்த்திவிட்டு, பிறகு உறைபெட்டிக்குப் போகிறேன். ஒரே ஒரு ஐயம்: தாத்தாவின் இரும்பு பீரோவும் என்னிடம் இருக்கிறது. திறந்த மர அலமாரியைவிட அது நல்லதா?

ஓய்வுபெற்ற நூலகர்:

கறையான் ஏறுவதற்கு மரத்தைவிட இரும்பில் வாய்ப்புக் குறைவு; தூசும் வெளிச்சமும் படாது. ஆனால் காற்றோட்டம் இல்லாமல் மூடியே கிடந்தால் உள்ளே ஈரம் தேங்கும். உட்புறத் துருவைத் தேய்த்து நீக்கி வண்ணம் பூசி, வாடை முழுவதும் போன பிறகு, நன்றாக உலர்ந்த புத்தகங்களை மட்டும் அதில் வையுங்கள். வறண்ட நாள்களில் ஒரு மணி நேரம் கதவைத் திறந்துவிடுங்கள். மழை நாளில் திறக்காதீர்கள்.