ஆடிக்காத்துல மண்டபம் வடகடல் குளம் மாதிரி இருக்கே, நம்பி போட்ட எறக்கலாமா?

மதுரை_தூண்டில்:

வணக்கம். நாங்க மூணு பேரு சேந்து போன வருசம் ஒரு பழைய ஃபைபர் போட் வாங்கி மண்டபத்துல தெரிஞ்சவர் ஒருத்தர் எடத்துல போட்டு வச்சிருக்கோம், 20 அடி, 9.9 எச்பி அவுட்போர்டு. யாவாரத்துக்கெல்லாம் இல்ல, லீவு நாள்ல போய் தூண்டில் போட்டு ரெண்டு பாறை மீனு ஒரு சீலா மீனு கெடச்சா அதுவே திருவிழா.

விசயம் என்னன்னா கடல படிக்கத் தெரியல. மொத தடவ காலைல போட்ட நிப்பாட்டிட்டு சாப்பிட்டு தூங்கிட்டு வந்து பாத்தா தண்ணி வத்திப்போய் போட் சேத்துல ஒக்காந்திருக்கு, மூணு பேரும் தள்ளித் தள்ளி இடுப்பு போச்சு. ரெண்டாவது போன ஞாயித்துக்கெழம. விண்டிங்கிற வானிலை ஆப்ல வடகடல், அதாவது பாக் விரிகுடா பக்கம் அலை 0.4 மீட்டர்னு காட்டுச்சு, கரைலயும் குளம் மாதிரிதான் இருந்துச்சு, சரின்னு போனா ஒரு மூணு கிலோமீட்டர்லயே புரொப்பல்லர்ல தாழை (கடல்புல்லு) சுத்தி இன்ஜின் நின்னுருச்சு. அத நோண்டி எடுக்க இருவது நிமிசம் இருக்கும், தலைய தூக்கிப் பாத்தா கரைல இருக்குற தென்னமரமெல்லாம் தீக்குச்சி மாதிரி தெரியுது. அலையே இல்ல, எப்படி இவ்வளவு தூரம் போனோம்னு இன்னும் புரியல. திரும்பி வர்றப்ப முன்னாடியிருந்து தண்ணி அடிச்சு மூணு பேரும் நனஞ்சு நடுங்கி வந்து சேந்தோம்.

இப்ப ஆடி அமாவாசைக்கு மறுநாள் போலாம்னு பிளான், முடிஞ்சா பாம்பன் பாலத்துக்கு அடில பூந்து தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா பக்கமும் ஒரு ரவுண்டு. கடல் தண்ணி ஏறி எறங்குற ஏத்தம் வத்தம் டேபிள் எப்படிப் பாக்குறது, காத்து எத்தன இருந்தா போகக்கூடாது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

தங்கச்சிமடத்தான்:

அண்ணே மொதல்ல நல்லபடியா கரைக்கு வந்தீங்களே அதுக்கு சாமிக்கு ஒரு தேங்கா ஒடைங்க.

நீங்க கேட்டதுலயே பதில் இருக்கு. இப்ப அடிக்கிறது கச்சான், தென்மேக்கு காத்து, இதுக்கு ஊருக்கு ஊரு பேரு மாறும், சில பக்கம் சோழகம்னும் சொல்லுவாங்க. மண்டபமும் எங்க தீவும் கெடக்குறது கெழக்கு மேக்கா. தெக்க இருந்து வர்ற காத்து தென்கடல்ல தொறந்தவெளில ஓடி வந்து கரைல மோதுது, அதனால அங்க அலை பனமரம் ஒசரத்துக்குன்னு பாட்டிமாரு கத சொல்லுவாங்க. அதே காத்து தரையத் தாண்டி வடகடல்ல எறங்குறப்ப அதுக்கு ஓட எடமே கெடைக்கல, கரையோரம் தண்ணிய சுருட்ட முடியல. அலை கம்மியா இருக்குன்னா காத்து கம்மியா இருக்குன்னு அர்த்தமே இல்ல. காத்து அப்படியேதான் இருக்கு, ஒங்க முதுகப் புடிச்சு கடலுக்குள்ள தள்ளிக்கிட்டு இருக்கு. போகப்போக காத்துக்கு எடம் கெடைக்குது, அலையும் வளருது, திரும்புறப்ப அதுக்கு எதுத்து வரணும். ஒங்களுக்கு நடந்தது அதேதான்.

எங்க ஆளுக தென்கடல ஆண்கடல்னும் வடகடல பெண்கடல்னும் சொல்லுவாங்க. அத கேட்டுட்டு வெளியூர்க்காரங்க வடகடல்னா சாதுன்னு நெனச்சுக்குறாங்க. வாடைக்காலத்துல வந்து பாருங்க, ஐப்பசி கார்த்திகைல வாடை நேரா வடகடல் கரைலதான் அடிக்கும், அப்ப வடக்க நிக்க முடியாது, தெக்க அமைதியா இருக்கும். வள்ளத்த அந்தந்த காலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாத்திக்கிறதுதான் எங்க பொழப்பு.

ஆனா ஒண்ணு சொல்றேன், காத்து கரைய நோக்கி அடிச்சா இன்ஜின் நின்னாலும் எப்படியோ கரைல கொண்டுபோய் மோதும், போட் ஒடையும், ஆளு தப்பிக்கலாம். காத்து கரைய விட்டு வெளிய அடிக்கிறப்ப நின்னுச்சுன்னா எங்க போவீங்கன்னு மேப்ப எடுத்துப் பாருங்க. வடகெழக்க போவீங்க. ராமேஸ்வரத்துல இருந்து கச்சத்தீவே ஏறக்கொறைய 12 கடல்மைல்தான், எல்லைக்கோடு அதுக்கும் இந்தப் பக்கமே போயிருது. ராத்திரி முழுக்க மிதந்தா காலைல எந்த நேவி வந்து டீ குடுக்கும்னு ஒங்களுக்கே தெரியும்.

---

பழைய_போசன்:

தம்பி, கப்பல்ல இருபத்தாறு வருசம் இருந்தவன், இப்ப ரிட்டயர்டு. மேல தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. நான் டேபிள் சமாச்சாரம் சொல்றேன்.

நம்ம பக்கம் ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம் ரெண்டு வத்தம். ஒரு ஏத்தத்துக்கும் அடுத்த ஏத்தத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிசம், அதனால இன்னைக்கு காலைல 9 மணிக்கு ஏத்தம்னா நாளைக்கு ஒம்போது அம்பதுக்கு. சர்வே ஆஃப் இந்தியா வருசா வருசம் டைட் டேபிள் போடுறாங்க, ஆப்ல வர்றதும் ஏறக்கொறைய ஒத்துப்போகும். அமாவாசை பௌர்ணமிக்குத்தான் வித்தியாசம் அதிகம், அதுவும் அன்னைக்கே இல்ல, ஒண்ணு ரெண்டு நாள் தள்ளித்தான் உச்சம் வரும், நீங்க போறேன்னு சொல்ற நாள் சரியா அதுல வருது. அஷ்டமி நவமி வாக்குல ரொம்ப கம்மி.

மண்டபம் பாம்பன் பக்கம் பெரிய ஏத்தத்துலயே முக்கா மீட்டர் கணக்குதான் வரும். குஜராத்ல காம்பே வளைகுடால பத்து மீட்டர் ஏறி எறங்கும், பாவ்நகர்ல அதுக்காகவே லாக் கேட் வச்சு கப்பல உள்ள நிறுத்துவாங்க. அத பாத்துட்டு நம்ம ஊர் டேபிள பாத்தா சிரிப்பா வரும். ஆனா வடகடல் கரை தாம்பாளம் மாதிரி, சரிவே கெடையாது. ரெண்டு அடி தண்ணி எறங்குனா நூறு மீட்டருக்கு தர தெரியும். டிவில "கடல் உள்வாங்கியது, மக்கள் பீதி"ன்னு வருசத்துக்கு நாலு தடவ போடுறானே, பாதிக்கு மேல அமாவாசை வத்தமும் காத்து தண்ணிய வெளிய தள்ளுறதும் சேந்த கததான்.

ஒரு கணக்கு மனசுல வச்சுக்கோ. வத்தத்துல இருந்து ஏத்தத்துக்கு ஆறு மணி நேரம்னா மொத மணி நேரம் பன்னெண்டுல ஒரு பங்கு ஏறும், ரெண்டாவதுல ரெண்டு பங்கு, மூணாவது நாலாவதுல மூணு மூணு, அப்புறம் ரெண்டு, ஒண்ணு. அதாவது நடு ரெண்டு மணி நேரத்துல பாதி தண்ணி ஏறிரும். சேத்துல ஒக்காந்தா வத்தம் முடிஞ்சு ஒரு மூணு மணி நேரம் சும்மா ஒக்காந்து சீட்டு ஆடுங்க, போட் தானா மெதக்கும், இடுப்பு ஒடைய வேணாம்.

அப்புறம் அந்த 0.4 மீட்டர். ஆப்ல போடுற அலை ஒசரம் மொத்த அலைகள்ல ஒசரமா இருக்குற மூணுல ஒரு பங்கோட சராசரி. நடுநடுவுல அதுக்கு ரெண்டு மடங்கு வரைக்கும் ஒண்ணு வரும். 1 மீட்டர்னு போட்டா 2 மீட்டர் ஒண்ணு எப்பவாச்சும் வரும்னு நெனச்சுக்கோ. இன்னொண்ணு ஆப்புக்குப் பின்னால கணக்குப் போடுற கம்ப்யூட்டர் மாடல்ல ஒரு கட்டம் ஒம்போது கிலோமீட்டர், இன்னொரு மாடல்ல இருவத்திரெண்டு. பாம்பன் தீவு அகலம் எவ்வளவு? மாடலுக்கு ஒங்க தீவு சரியா கண்ணுல படுதான்னே சொல்ல முடியாது.

---

அலைபாயுதே_இல்லை:

அப்ப டேபிளே தேவையில்லன்னு சொல்லுங்க சார், முக்கா மீட்டருக்கு எதுக்கு பன்னெண்டுல ஒரு பங்கு எல்லாம் 😀 நான் கோவளத்துல கயாக் விடுறேன், இத்தன வருசத்துல ஒரு நாளும் டைட் பாத்ததில்ல, காத்து மட்டும்தான்.

---

தங்கச்சிமடத்தான்:

கோவளத்துக்கு அது சரியா இருக்கலாம் ப்ரோ, பாம்பன் வாய்க்கால்ல அப்படி பேசாதீங்க. ஒசரம் கம்மிதான், ஆனா ரெண்டு கடலுக்கும் நடுவுல அது ஒரு குறுகலான சந்து, ஒரு பக்கம் தண்ணி கொஞ்சம் ஒசந்தாலும் அது வழியா நெருக்கிக்கிட்டு வேகமாப் பாயும். கச்சான் காலத்துல தென்கடல்ல இருந்து வடக்க பாயும், வாடைக்காலத்துல வடக்க இருந்து தெக்க. அதுமேல ஏத்த வத்தம் வேற வந்து கூட்டும் கொறைக்கும். நீவாடும் (நீரோட்டம்) காத்தும் ஒரே பக்கம் போனா தண்ணி வழவழன்னு இருக்கும், ஆனா போட்ட இழுத்துக்கிட்டுப் போய் பாலத்து தூண்ல வைக்கும். நீவாடு திரும்பி காத்துக்கு எதிரா ஓடுறப்ப பாருங்க, அலை கிட்ட கிட்ட செவுரு மாதிரி எந்திரிச்சு நிக்கும், அதுல 20 அடி போட்ட திருப்புனீங்கன்னா முடிஞ்சுது.

அடில பாறை வேற. 9.9ஐ வச்சுக்கிட்டு ஆடில தெக்க போறது வேணவே வேணாம் அண்ணே. இப்ப புதுப் பாலம் 2025 ஏப்ரல்ல தொறந்ததுல இருந்து பாக்க வர்ற கூட்டம் அதிகம், எல்லாரும் அதுக்கடில போட்டோ எடுக்கணும்ங்கிறாங்க. தை மாசி கழிஞ்சு காத்து ஓஞ்சப்புறம் வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். அப்பவும் தீவுகள்ல எறங்க முடியாது, மன்னார் வளைகுடால இருக்குற 21 தீவும் தேசியப் பூங்கா, ஃபாரஸ்ட் அனுமதி வேணும்.

---

குமரிக்கரை:

மக்கா நல்ல பேச்சு போகுது, நானும் ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். காத்தே இல்லாம வர்ற கடலும் உண்டு. எங்க பக்கம் கள்ளக்கடல்னு சொல்லுவோம், கேரளாலயும் அதே பேருதான். தெக்க அங்க அண்டார்டிகா பக்கத்துல எங்கயோ புயல் அடிச்சு கெளம்புன அலை, பல நாள் ஓடி வந்து இங்க கரைல ஏறும். இங்க வானம் தெளிவா இருக்கும், ஒரு எலை ஆடாது. சித்திர வைகாசில ஜாஸ்தி. 2024 மே மாசம் லெமூர் பீச்ல அஞ்சு டாக்டருக்குப் படிச்ச பிள்ளைங்க போனது அப்படித்தான், எச்சரிக்க முன்னாலயே குடுத்திருந்தாங்க.

ஆப்ல அலை ஒசரத்த மட்டும் பாக்காதிய, பக்கத்துல செகண்டுன்னு ஒரு நம்பர் இருக்கும், ரெண்டு அலைக்கு நடுவுல உள்ள நேரம். 5, 6ன்னு இருந்தா பக்கத்து காத்து எழுப்புன அலை. 15, 16க்கு மேல போச்சுன்னா தூரத்துல இருந்து வர்றது. நடுக்கடல்ல அதுமேல நிக்கிறப்ப ஒண்ணுமே தெரியாது, லேசா தூக்கி வைக்கும், அவ்வளவுதான். கரைக்கு வர்றப்பவும் துறைமுக வாயில நுழையிறப்பவும்தான் எந்திரிச்சு அடிக்கும். எங்க ஊர்ல போட் கவுந்த கதையில பாதி வாயில வச்சு நடந்தது. அதனால வாயில உடனே நுழையாதிய, வெளிய நின்னு நாலஞ்சு அலைய எண்ணிப்பாத்து பெரிய கூட்டம் போனதுக்குப் பொறவு வாங்க.

பொறவு இன்னொண்ணு, காலைல ஒரு தடவ பாத்துட்டுப் போனா பத்தாது. 2017 நவம்பர் கடைசில ஓகி வந்தப்ப எங்க ஆளுக பலரும் நாலஞ்சு நாளைக்கு முன்னாலயே ஆழ்கடலுக்குப் போயாச்சு, எச்சரிக்க வந்தப்ப சொல்ல வழியில்ல. நீங்க மூணு கிலோமீட்டருக்குத்தான் போறிய, ஃபோன் கெடைக்கும், ஆனாலும் கரைல ஒருத்தன ஒக்கார வச்சு இத்தன மணிக்கு வரலைன்னா விசாரின்னு சொல்லிட்டுப் போணும்.

---

மதுரை_தூண்டில்:

எல்லாருக்கும் நன்றி, படிக்கப் படிக்க வயித்த கலக்குது. தென்கடல் பிளான் கேன்சல். வடகடல்ல கரைய ஒட்டியே போலாமா, அதுவும் வேணாமா? காத்து எத்தன கிலோமீட்டர் வரைக்கும் சரின்னு ஒரு நம்பர் சொல்லுங்க.

---

பழைய_போசன்:

நம்பர் கேட்டா சொல்றேன், ஒங்க போட்டுக்கும் அனுபவத்துக்கும் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல காட்டுனா கெளம்பாத. காத்து ரெண்டு மடங்கு ஆச்சுன்னா அது போட்ட தள்ளுற பலம் நாலு மடங்கு ஆகும். ஆப்ல சில சமயம் நாட்ல காட்டும், 1 நாட்னா 1.85 கிலோமீட்டர், 20 நாட்ட 20 கிலோமீட்டர்னு படிச்சிட்டுப் போனவன எனக்குத் தெரியும். அப்புறம் பக்கத்துல கஸ்ட்னு, அதாவது திடீர்னு வீசுற காத்துக்கு இருக்குற நம்பரையும் பாரு, அதுதான் போட்ட கவுக்குறது.

சென்னை வானிலை மையம் தெனமும் மீனவர் எச்சரிக்கை போடுறாங்க, "மன்னார் வளைகுடா, குமரிக்கடல், 35 முதல் 45 கிமீ, இடையிடையே 55"ன்னு ஆடி மாசத்துல அடிக்கடி வரும். அத கேட்டுக் கேட்டு பழகிப்போய் யாரும் மதிக்கிறதில்ல, நீ மதி. ஹைதராபாத்ல இன்காய்ஸ்னு ஒரு மத்திய நிறுவனம், அலை, நீரோட்டம், கள்ளக்கடல் எல்லாத்துக்கும் அவங்க தனியா போடுறாங்க, ரெண்டையும் பாரு. பாம்பன்ல கூண்டு ஏத்திருந்தா 1, 2ன்னா புயல் தூரத்துல, 3ன்னா துறைமுகத்துக்கே பலத்த காத்து வரும்னு அர்த்தம். எதுவா இருந்தாலும் ஒனக்கு ஒரே அர்த்தம், தூண்டில சுருட்டு.

---

தங்கச்சிமடத்தான்:

ஆப்பெல்லாம் பாத்துட்டு கடைசியா ஒண்ணு செய்ங்க, விடியக்காலம் கரைக்கு வந்து எத்தன வள்ளம் போயிருக்கு எத்தன நிக்குதுன்னு எண்ணிப் பாருங்க. மீன்துறைல விசைப்படகு கடலுக்குப் போக அனுமதி டோக்கன் குடுக்கலன்னா நீங்க கேக்கவே வேணாம்.

போறதா இருந்தா விடியல்ல காத்து கொஞ்சம் தணிஞ்சிருக்கும், போயிட்டு 9 மணிக்குள்ள வந்துருங்க, பத்து மணிக்கு மேல அது ஏறும். போறப்பவே கரைய ஒட்டி மேக்க போங்க, காத்துக்கு எதுத்து. திரும்புறப்ப காத்து ஒங்கள வீட்டுக்கு கொண்டு வரும். நீங்க போன தடவ நேரா வடக்க போயிருப்பீங்க, எல்லாரும் பண்றதுதான்.

இன்ஜின் நின்னா மூடிய தொறக்குறதுக்கு முன்னாடி நங்கூரத்தப் போடுங்க. அத போட்டிருந்தா போன தடவ இருவது நிமிசமும் அங்கயே நின்னிருப்பீங்க. நங்கூரம் இருந்துச்சா போட்ல?

---

மதுரை_தூண்டில்:

இருந்துச்சு அண்ணே. கயிறு வீட்ல இருந்துச்சு.

---

தங்கச்சிமடத்தான்:

😂 சரி. வடகடல்ல ஆழம் பெரும்பாலும் பத்து பதினஞ்சு மீட்டருக்குள்ளதான், நீங்க போற எடத்துல அதுவும் இருக்காது, 50 மீட்டர் கயிறு போதும், ஆழத்த மாதிரி அஞ்சு மடங்காவது விட்டாத்தான் புடிக்கும். நங்கூரத்துகிட்ட ரெண்டு மீட்டர் சங்கிலி போட்டுக்கோங்க. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டே ஒக்காருங்க, சீட்டுக்கடில வைக்கிறதுக்கு இல்ல. கோஸ்ட் கார்டு நம்பர் 1554, கடலோரப் போலீஸ் 1093, மூணு பேரு ஃபோன்லயும் போட்டு வைங்க. அமாவாசைக்கு மறுநாள் வர்றதுன்னா முந்துன நாள் ராத்திரி இங்கயே கேளுங்க, நான் கரைக்குப் போய் பாத்துட்டு சொல்றேன்.