நம்ம செட்டு வாசிச்சதைக் கேட்டவங்க யாராவது இருக்கீங்களா?

தங்கச்சிமடத்துல இருந்து:

பேனர் கிடையாது, சீருடை கிடையாது, ஏன், பேரே கிடையாது. "நம்ம செட்டு"ன்னா போதும். மொத்தம் 7 பேர்: டிரம்பெட் ரெண்டு, கிளாரினெட், யூபோனியம், பெரிய டிரம், சைடு டிரம், தாளம். முதல் டிரம்பெட் எங்க சித்தப்பா. ஏழு பேருமே கடலுக்குப் போறவங்க. விசைப்படகு வாரத்துல 3 நாள்தான் போகும், மிச்ச நாள் நாட்டுப்படகுக்கு. அந்த மிச்ச நாள்ல, வலை பொத்தி முடிச்ச பிறகுதான் ஒத்திகை.

மீன்பிடித் தடைக்காலம் இப்போ ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை, 61 நாள். அப்போ 45 நாள்தான். எல்லாரும் கரையில கிடக்குறதால அந்தச் சமயத்துல செட்டு பிரமாதமா வாசிக்கும். கூத்து என்னன்னா, வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழா ஜூலை 25. அதுக்குள்ள மறுபடி கடலுக்குப் போயிருப்பாங்க, ஊதிப் பழகின உதடு இறங்கிப் போயிருக்கும். சித்தப்பா மேல்சுரத்தை எட்டிப் பிடிக்க முடியாம முகம் செவந்து நிப்பாரு.

ஒரு குற்றத்தை இங்க ஒத்துக்கறேன். உப்புக் காத்துல பித்தளை வாரத்துலயே களிம்பு பிடிச்சுடும். புளி போட்டுத் தேய்க்கிறது என் வேலை. பிஸ்டனுக்குத் தையல் மெஷின் எண்ணெய் விடணும். ஒரு கொடியேற்றத்துக்கு முதல் நாள் அது தீந்துபோச்சு, நான் தேங்காயெண்ணெயை ஊத்திட்டேன். உப்போட சேர்ந்து பசையாகி, நடு பிஸ்டன் அமுங்கினது அமுங்கினபடி நின்னுடுச்சு. அது அமுங்கினா சுரம் அரைப்படி இறங்கும். கிளாரினெட் ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம். கொடி ஏறி முடியிற வரைக்கும் மனுஷன் விடாம ஊதினாரு. "புது மெட்டா மாப்ளே?"ன்னு யாரோ கேட்டதுக்கு ஆமான்னு தலையாட்டினாரு. வீட்டுக்கு வந்த பிறகு என் காது என்னாச்சுன்னு எழுத வேண்டாம்.

மண்டபத்துல இருந்து:

தம்பி, உங்க சித்தப்பாவை எனக்குத் தெரியும். எங்க அக்கா கல்யாணத்துக்குச் சொல்லி வெச்சிருந்தோம். 1988ல ரோட்டுப் பாலம் திறக்கிறதுக்கு முந்தி நடந்தது. ராமேஸ்வரம் தீவுல இருந்து இந்தக் கரைக்கு வர ரயில்தான் கதி. அன்னைக்குன்னு பார்த்துக் காத்து. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டிட்டா பாலத்துல வண்டியை விட மாட்டாங்க. செட்டு பாம்பன் ஸ்டேஷன்ல, பொண்ணு மாப்பிள்ளை இங்க. கடைசியில டேப் ரெக்கார்டரைப் போட்டுத் தாலி கட்டினோம். மறுநாள் மத்தியானம் மறுவீட்டுச் சாப்பாட்டு நேரத்துல பெரிய டிரம்மைத் தலைமேல வெச்சுக்கிட்டு ஒருத்தர் சந்துக்குள்ள வர்றாரு, பின்னாடி ஆறு பேரு. அப்பா பாதிக் காசுதான் குடுத்தாரு. வாங்கிக்கிட்டு முழுசா வாசிச்சாங்க.

பாம்பன்ல இருந்து:

ஒரு திருத்தம். கிளாரினெட் மாமா கடலுக்குப் போனவர் இல்ல, சைக்கிள் கடைக்காரர். கடையில நாள் முழுக்க இலங்கை வானொலிதான் ஓடும். நம்ம கரைக்கு மெட்ராஸை விட அதுதான் தெளிவா எடுக்கும். பைலா, அதான் அந்த இலங்கைத் துள்ளல் பாட்டு, அங்க கேட்டு அவர் விரலுக்கு வந்தது. ஒரு தடவை சப்பரப் பவனியில, ராத்திரி ஒரு மணிக்கு மேல, மாதா பாட்டை இழுத்து வாசிச்சுக்கிட்டு வந்தவர் அப்படியே பைலாத் தாளத்துக்கு நழுவிட்டாரு. பெரிய டிரம்மும் கூடவே போயிடுச்சு. சப்பரம் தூக்குறவங்க கால் தன்னால துள்ள ஆரம்பிச்சிடுச்சு. மேல மெழுகுவத்தியெல்லாம் ஆடுது, பெருசுங்க "ஏய் நிறுத்துங்கடா"ன்னு கத்துறாங்க, தூக்குறவங்க நிறுத்தல. அதே மாமாதான் கேத வீட்டுல வாசிச்சா நம்ம நெஞ்சைப் பிடிச்சுக்கும். அந்த ரெண்டையும் ஒரே குழல்ல கேட்டவங்களுக்கு, இப்போ திருவிழாவுக்கு வர்ற செண்டைமேளம் சத்தமாத்தான் தெரியுது. அவங்களைக் குறை சொல்லல.

மறுபடி தங்கச்சிமடத்துல இருந்து:

திருத்தம் சரி. சைக்கிள் கடையை மறந்தே போயிட்டேன், வாடகை சைக்கிள் பாக்கி இன்னும் இருக்கு. டிரம்பெட் எங்க வீட்டு பீரோவுல இருக்கு, அந்த நடு பிஸ்டன் இன்னைக்கும் கொஞ்சம் தயங்கித்தான் எழும்பும். பெரிய டிரம்ல ஒரு பக்கத் தோல் போயிடுச்சு. மாடிப்படிக்குக் கீழே கிடக்கு, உள்ள கோழி அடை காக்குது.